லீடு வருகிறது, ஆர்டர் எங்கே?

கோயம்புத்தூரில் வீட்டு மாடிகளுக்கு சோலார் போட்டுக்கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்துக்கு கூகுள் விளம்பரங்களை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். முதலாளி, இரண்டு இன்ஜினியர்கள், ஃபிட்டிங் ஆட்கள், ஃபோன் பேச ஒரு பெண், அவ்வளவுதான் ஆபீஸ். முதல் மூன்று மாத ரிப்போர்ட்டையும் பெருமையோடுதான் அனுப்பினேன். ஒரு லீடுக்கு, அதாவது விளம்பரத்தைப் பார்த்து வந்து வெப்சைட் ஃபார்மில் நம்பர் கொடுத்து விசாரிக்கும் ஒருவருக்கு, ஆகும் செலவு மாதாமாதம் இறங்கிக்கொண்டே வந்தது. மூன்றாவது ரிப்போர்ட் போன அன்று சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார். "தம்பி, லீடு கம்மி விலைக்கு வருதுங்கறீங்க, சரி. எங்க பொண்ணு நாள் பூரா பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போய் உக்காந்திருக்குது. ஆர்டர் எங்கீங்க?"

மறுநாள் காலையில் போய் அந்தப் பெண்ணின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் ஒரு நீளமான நோட்டு வைத்திருந்தார். பெயர், நம்பர், தேதி, அப்புறம் சிவப்புப் பேனாவில் ஒரு குறிப்பு. ஒரு பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்தேன். எடுக்கல. எடுக்கல. ஃப்ரீயான்னு கேட்டார். வேலை இருக்கான்னு கேட்டார். வாடகை வீடு. ராங் நம்பர். வாட்டர் ஹீட்டர் வேணுமாம். தோட்டத்துக்கு சோலார் வேலி. எடுக்கல. ஃப்ரீயான்னு கேட்டார். கடைசிக்கு இரண்டு வரி மேலே ஒன்று: சைட் விசிட், வியாழக்கிழமை.

நான் மூன்று மாதம் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்த எந்தத் திரையிலும் இந்தத் தகவல் இல்லை. கூகுளுக்கும் தெரியாது. அதைப் பொறுத்தவரை அந்தப் பக்கத்தில் இருந்த எல்லோரும் ஒரே மாதிரி வெற்றிதான். ஃபார்மை நிரப்பினால் வெற்றி என்று அதற்குச் சொல்லிவைத்தது நான். அதுவும் சொன்ன பேச்சைக் கேட்டு, ஃபார்ம் நிரப்பக்கூடிய ஆட்களாகத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தது. இலவசம் என்று நினைத்து வருபவரும் வேலை தேடுபவரும் ஃபார்மை யோசிக்காமல் நிரப்புவார்கள். ஒன்றே முக்கால் லட்சம் செலவு பண்ணப் போகிறவர்தான் நம்பர் கொடுக்கத் தயங்குவார். லீடு விலை இறங்கியதன் ரகசியம் இதுதான்.

இந்த "ஃப்ரீயா?" எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மத்திய அரசு 2024 பிப்ரவரியில் வீட்டு மாடி சோலாருக்காகத் தொடங்கிய திட்டத்தின் பெயரிலேயே 'இலவச மின்சாரம்' இருக்கிறது: பி.எம். சூர்ய கர், முஃப்த் பிஜ்லி யோஜனா. கிடைப்பது மானியம். 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் 78,000 ரூபாய். அதுவும் பேனல் போட்டு ஓடத் தொடங்கிய பிறகுதான் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு வரும். ஆனால் செய்தியைக் காதில் வாங்கியவருக்கு நிற்பது 'இலவசம்' மட்டும். அவர் கூகுளில் இலவச சோலார் என்று தேடுகிறார், நம் விளம்பரம் வருகிறது, கிளிக் பண்ணுகிறார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

முதலில் தோன்றும் வைத்தியம், 'இலவசம்' என்ற சொல்லை நெகட்டிவ் கீவேர்டாக, அதாவது தேடலில் அந்தச் சொல் இருந்தால் விளம்பரத்தைக் காட்டாதே என்று, போட்டு அடைத்துவிடுவது. நானும் போட்டேன். ஒரே வாரத்தில் எடுத்தும் விட்டேன். நோட்டைப் பின்னோக்கிப் புரட்டியபோது, ஆர்டர் கொடுத்த சிலரும் அந்தத் திட்டத்தின் பெயரைத் தேடித்தான் வந்திருந்தார்கள். சொல்லை அடைத்தால் அவர்களும் போய்விடுவார்கள். அதனால் விளம்பர வாசகத்தை மாற்றினோம். "3 கிலோவாட் ரூ.1.75 லட்சம் முதல், மானியம் ரூ.78,000" என்று தலைப்பிலேயே விலையை வைத்தோம். முதலாளிக்கு இதில் விருப்பமே இல்லை, விலையைப் பார்த்து ஆள் ஓடிவிடுவான் என்றார். ஓடட்டும் என்றேன். கிளிக் பண்ணாமல் ஓடுபவருக்கு நமக்கு ஒரு பைசா செலவில்லை. கிளிக் பண்ணி, ஃபார்ம் நிரப்பி, நம் பெண் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகு ஓடினால்தான் செலவு. ஆட்களைச் சலிப்பதற்குக் காசு கேட்காத ஒரே இடம் விளம்பர வாசகம்தான். அதைப் பெரும்பாலும் "தரமான சேவை, இன்றே அழையுங்கள்" என்று எழுதி வீணடிக்கிறோம்.

நெகட்டிவ் கீவேர்டு வேண்டாம் என்று இல்லை. வாட்டர் ஹீட்டர், வேலி, தெருவிளக்கு, டீலர்ஷிப், பயிற்சி வகுப்பு எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அடைக்க வேண்டியவை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நெகட்டிவில் போடும் சொல்லுக்கு கூகுள் தானாக மாற்றுச் சொல் தேடாது. 'வேலை'யை அடைத்தால் 'சம்பளம்' வரும், 'வேகன்சி' வரும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுபவர்கள் நம் ஊரில் நிறைய. அந்த எழுத்துக் கூட்டல்களைத் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். எதைத் தேடி வந்தார்கள் என்ற பட்டியல் கூகுள் விளம்பரக் கணக்கிலேயே இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் அரை மணி நேரம் அதோடு உட்கார்வதைப் போல லாபமான வேலை இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்து இல்லை. 2020க்குப் பிறகு எல்லாத் தேடல்களையும் அது காட்டுவதில்லை, காட்டுகிற வரைக்கும் பார்த்தாலே போதும்.

செட்டிங்கில் நான் விட்ட கோட்டைகளும் உண்டு. கூகுள் தேடலில் விளம்பரம் காட்ட ஒரு புது சர்ச் கேம்பெயின் தொடங்கும்போது டிஸ்ப்ளே நெட்வொர்க்குக்கும் (விளம்பரம் வரும் மற்ற வெப்சைட்டுகள்) சர்ச் பார்ட்னர்களுக்கும் (கூகுளோடு சேர்ந்த மற்ற தேடல் தளங்கள்) டிக் ஏற்கெனவே விழுந்திருக்கும். நாம்தான் எடுக்க வேண்டும். கீவேர்டு வெறுமனே சேர்த்தால் பிராட் மேட்ச் ஆகத்தான், அதாவது அதோடு தொடர்புள்ள மற்ற தேடல்களுக்கும் விளம்பரம் வரும்படிதான், சேரும். ஊரைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலும் ஒரு பொடி வைத்திருக்கிறது. கோவை என்று கொடுத்தால் கோவையில் இருப்பவர் மட்டுமல்ல, எங்கோ இருந்துகொண்டு கோவை மேல் ஆர்வம் காட்டுபவரும் கணக்கில் வருவார். அந்த ஊரில் இருப்பவர்கள் மட்டும் போதும் என்று மாற்றிவிடு என்பதுதான் எல்லோரும் சொல்லும் பாடம். மாற்றினேன். பிறகு நோட்டில் ஒரு வரி உறுத்தியது: துபாயில் இருக்கும் மகன், பொள்ளாச்சியில் அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்கு 5 கிலோவாட். அந்த மாதத்தின் நல்ல ஆர்டர்களில் அது ஒன்று. இப்போது வெளிநாட்டுக்கென்று சின்ன பட்ஜெட்டில் தனி கேம்பெயின் ஓடுகிறது. அதில் கீவேர்டு எல்லாம் ஊர்ப்பெயரோடுதான் இருக்கும்.

இதெல்லாம் ஓட்டை அடைக்கும் வேலை. உண்மையில் நிலைமையை மாற்றியது ஃபார்மில் சேர்த்த இரண்டு கேள்விகள்.

ஃபோன் பேசும் பெண்ணிடம் கேட்டேன், "நீங்க பேச ஆரம்பிச்சு எவ்வளவு நேரத்துல இவரு வாங்க மாட்டாருன்னு தெரிஞ்சுடும்?" கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்: "கரண்ட் பில் எவ்வளவு வருதுங்கன்னு கேப்பேங்கண்ணா. அதுலயே தெரிஞ்சுரும்."

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பு, அதில் ஒரு அளவு வரை யூனிட் இலவசம். கீழ்ப்படிகளில் கட்டணமும் கம்மி. இரண்டு மாதத்துக்கு எண்ணூறு ரூபாய் கட்டும் வீட்டில் சோலார் போட்டால் போட்ட காசு எப்போது திரும்பும் என்று சொல்லவே சங்கடமாக இருக்கும். ஐயாயிரம் கட்டுபவருக்கு அந்தக் கணக்கை நாம் போட்டுக்காட்ட வேண்டியதில்லை, அவரே போட்டுக்கொண்டு வந்திருப்பார். ஒரு கிலோவாட் நாளுக்கு சுமார் 4 யூனிட் தரும் என்று அவரே நம்மிடம் சொல்வார்.

அதனால் ஃபார்மில் இரண்டு கேள்வி சேர்த்தோம். வீடு சொந்தமா, வாடகையா, அபார்ட்மென்டா? கடைசி பில் 2,000க்குக் கீழா, 2,000 முதல் 5,000 வரையா, அதற்கு மேலா? யார் எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஃபார்ம் போகும், நன்றிப் பக்கம் வரும், நம் பெண் கூப்பிடவும் செய்வார். ஆனால் சொந்த வீடு, பில் 2,000க்கு மேல் என்று சொன்னவருக்கு மட்டும்தான் 'கன்வெர்ஷன்', அதாவது வெற்றி, என்ற செய்தி கூகுளுக்குப் போகும். மற்றவர்கள் வந்ததே அதற்குத் தெரியாது. இதற்கு வாடிக்கையாளர் விவரங்களைப் பதிந்துவைக்கும் சி.ஆர்.எம். தேவையில்லை, மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. வெப்சைட் பார்ப்பவருக்கு ஒரு மத்தியான வேலை.

முதல் இரண்டு வாரம் எனக்கே வயிற்றைக் கலக்கியது. கன்வெர்ஷன் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது, ஒரு லீடின் விலை ஏறியது. இந்த இடத்தில்தான் பலர் பயந்து பழையபடி மாற்றிவிடுவார்கள். முதலாளியிடம் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 20,000 ரூபாய்க்கு 200 ரூபாய் லீடு 100 வாங்கி 2 ஆர்டர் முடிந்தால் ஒரு ஆர்டருக்கு 10,000. அதே பணத்துக்கு 500 ரூபாய் லீடு 40 வாங்கி 4 முடிந்தால் 5,000. அதிலும் அந்தப் பெண் 60 ஃபோன் குறைவாகப் பேசுகிறார். "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமுல்ல" என்றார். சொல்லியிருக்கலாம்தான்.

அடுத்த படி, நோட்டில் இருப்பதை கூகுளுக்குச் சொல்வது. விளம்பரத்தைக் கிளிக் பண்ணி வரும் ஒவ்வொருவரோடும் ஒரு கிளிக் அடையாள எண் வருகிறது. ஃபார்மில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் வைத்து அதைப் பிடித்து வைத்துக்கொண்டால், பிற்பாடு "இந்த எண்ணில் வந்தவர் வீட்டுக்கு இன்ஜினியர் போனார்" என்று ஒரு ஷீட் மூலம் திருப்பிச் சொல்லலாம். கிளிக் நடந்து 90 நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். எண் கிடைக்காதபோது ஃபோன் நம்பரையோ மின்னஞ்சலையோ குறியாக்கம் செய்து அனுப்பும் வழியும் இருக்கிறது. அப்படி அனுப்புவதாக இருந்தால் ஃபார்மிலேயே அதைச் சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் சட்டமே வந்துவிட்டது.

எதைத் திருப்பிச் சொல்வது என்பதில்தான் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. எல்லோரும் ஆர்டரைச் சொல்லத் துடிப்பார்கள். மாதம் நான்கைந்து ஆர்டர் என்றால் அதை வைத்து அந்த இயந்திரம் ஒன்றும் கற்றுக்கொள்ளாது. அதற்கு மாதம் குறைந்தது முப்பது உதாரணம் வேண்டும். ஆர்டர் முடிய மூன்று நான்கு வாரம் வேறு ஆகும். நாங்கள் சைட் விசிட்டை எடுத்துக்கொண்டோம். இன்ஜினியர் மாடி ஏறிப் பார்க்க ஒருவர் நேரம் கொடுக்கிறார் என்றால் அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அது வாரத்துக்குள் தெரிந்துவிடும், எண்ணிக்கையும் தேறும். சைட் விசிட்டை முதன்மைக் கன்வெர்ஷனாகவும் ஃபார்மை வெறும் பார்வைக்கு இரண்டாம் நிலையிலும் வைத்தோம்.

ஃபோன் அழைப்புகளில் இந்த அளவுக்குத் துல்லியம் கிடைக்கவில்லை. வழக்கமாக 60 வினாடிக்கு மேல் பேசினால் கன்வெர்ஷன் என்று இருக்கும். வேலை கேட்பவரும் மரியாதையாக ஒரு நிமிடம் பேசுவார். அதை 120 ஆக்கினோம். வாட்ஸ்ஆப் பட்டனில் வருபவர்களின் கிளிக் எண் பாதியில் தொலைந்துபோகிறது. அந்தப் பட்டனை ஃபார்முக்கு அடுத்த பக்கத்தில் நகர்த்தியிருக்கிறேன். முழுத் தீர்வு என்று சொல்ல மாட்டேன்.

'எடுக்கல' என்ற வரிகளுக்கு மட்டும் விளம்பரத்தில் மருந்து இல்லை. தேதியையும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். சனி இரவு, ஞாயிறு மாலை வந்த லீடுகளுக்குத் திங்கள் பத்தரைக்குத்தான் ஃபோன் போயிருந்தது. அதற்குள் அவர் இன்னும் மூன்று பேருக்கு நம்பர் கொடுத்திருப்பார், நம் நம்பரைப் பார்த்தால் இன்னொரு ஸ்பாம் என்று நினைப்பார். ஞாயிறு மாலை மட்டும் ஒரு இன்ஜினியர் வீட்டில் இருந்தபடியே கூப்பிடுவது என்று முறை வைத்தார்கள். கூப்பிடும் முன் "உங்கள் சோலார் விசாரணை தொடர்பாகப் பத்து நிமிடத்தில் அழைக்கிறோம்" என்று ஒரு வாட்ஸ்ஆப் செய்தி. இந்த இரண்டுக்கும் செலவு ஒன்றும் ஆகவில்லை.

இப்போதும் நோட்டு இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் பெண் அதைப் பார்த்து ஷீட்டில் ஏற்றுகிறார். சைட் விசிட் முடிந்தால் 'வி' என்று ஒரே எழுத்து. போன வாரம் அவரே ஒரு யோசனை சொன்னார்: மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழல் விழுமா என்றும் ஃபார்மில் கேட்டுவிடலாமா? நல்ல கேள்விதான், கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டுமே. ஆனால் ஒவ்வொரு கேள்வி கூடும்போதும் பாதியில் விட்டுப்போகிறவர்களில் நல்லவர்களும் இருப்பார்கள். தொட்டியை இன்ஜினியர் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன்.