செய்மதி இருக்கச் செயற்கைக்கோள் எதற்கு?

"சந்திரன் பூமியின் ஒரேயொரு இயற்கையான செயற்கைக்கோள் ஆகும்."

தரம் பத்துப் பிள்ளை ஒருத்தி எழுதித் தந்த விஞ்ஞான ஒப்படையில் இருந்த வரி இது. சிவப்புப் பேனையால் வட்டம் போட்டேன். அடுத்த கொப்பியைத் திறந்தால் அதே வரி. நாலாவது கொப்பியிலும் அது வந்தபோது பேனையை வைத்துவிட்டு, "எங்கயிருந்து பிள்ளை எடுத்தனி?" என்று கேட்டேன். "போன்ல ரீச்சர். இங்கிலிசில குடுத்தா அது தமிழில தரும்" என்றாள். இயற்கையான ஒன்று எப்படிச் செயற்கையாகவும் இருக்கும் என்று கேட்டதும் கொஞ்சநேரம் யோசித்தாள், பிறகு சிரித்துவிட்டாள். நல்ல பிள்ளை. அவளில் பிழையில்லை.

பிழை சொல்லில் இருக்கிறது. செய்மதி என்று நாங்கள் படித்த, நாங்கள் படிப்பித்த சொல் இப்போது வன்னிப் பிள்ளைகளின் வாயிலிருந்தே கழன்று போகிறது. அந்த இடத்தில் செயற்கைக்கோள் வந்து குந்துகிறது. ரிவிச் செய்தியில் அது, கைபேசியில் அது, யூடியூப்பில் அது. 2025 ஜூலையில், வானத்திலிருந்து இணையம் தருகிற ஸ்டார்லிங்க் இலங்கையில் சேவையைத் தொடங்கியதிலிருந்து ஒட்டுசுட்டான் சந்தியில் நின்று கதைக்கிற பொடியன்கள்கூட "செயற்கைக்கோள் இன்ரநெற்" என்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மூலத்தைப் பார்ப்போம். ஐரோப்பியர் சொல்கிற சற்றலைற் (satellite) என்பது இலத்தீனில் சற்றெல்லெஸ்: பெரிய மனிதர் ஒருவரைச் சூழ்ந்து நடக்கிற மெய்க்காவலன், ஏவலாள். 1610இல் கலிலியோ வியாழனைச் சுற்றும் நான்கு நிலவுகளைக் கண்டார். அடுத்த ஆண்டு கெப்ளர் அவற்றுக்கு இந்தப் பெயரைச் சூட்டினார். வியாழன் முதலாளி, நிலவுகள் அவருடைய ஆட்கள். மனிதன் செய்து மேலே அனுப்பியவற்றுக்கு அந்தப் பெயர் மிகப் பிந்தித்தான் வந்தது. 1957 அக்டோபர் 4ஆம் தேதி சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. 58 சென்ரிமீற்றர் விட்டம், 83.6 கிலோ எடை, ஒரு பெரிய பூசணிக்காய் அளவு உருண்டை. ஸ்புட்னிக் என்றால் ரஷ்ய மொழியில் கூடப் பயணிப்பவன். மெய்க்காவலனோ வழித்துணையோ, இரண்டிலும் கருத்து ஒன்றுதான்: ஒன்றைவிட்டு அகலாமல் அதனோடு சுற்றுவது.

பூமியோடு அப்படிச் சுற்றுவது நமக்குத் தெரிந்து ஒன்றே ஒன்று. அது மதி. ஆகவே மனிதன் செய்து விட்ட மதி, செய்மதி. இதைவிட நேரான ஆக்கம் ஒன்று எனக்குத் தெரியவில்லை. அன்று உலகப் பத்திரிகைகளும் ஸ்புட்னிக்கைச் செயற்கை நிலா என்றுதான் எழுதின.

இலக்கணமும் அழகு. குடிநீர், சுடுசோறு, ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை. செய்த மதி, செய்கின்ற மதி, செய்யும் மதி என்று மூன்று காலமும் உள்ளே மறைந்து கிடக்கிறது. 1957இல் செய்ததும் செய்மதி, இன்று ஏதோ ஒரு தொழிற்சாலையில் பூட்டிக்கொண்டிருப்பதும் செய்மதி, நாளை செய்யப்போவதும் செய்மதி. நாலே எழுத்து. பின்னால் எதை வைத்தாலும் ஒட்டும்: செய்மதிப் படம், செய்மதித் தொலைபேசி, செய்மதி இணையம்.

சரி, செயற்கைக்கோளில் என்ன குறை? கோள் என்றால் இன்றைய வகுப்பில் என்ன? சூரியனைச் சுற்றி வருவது. புதனிலிருந்து நெப்தியூன் வரைக்கும் எட்டு. 2006இல் புளூட்டோவைக் கழித்த பிறகு எட்டேதான். அப்படியானால் செயற்கைக்கோள் என்றால் மனிதன் செய்த கோள், சூரியனைச் சுற்றுகிற ஒன்று. நமது தலைக்கு மேலே சில நூறு கிலோமீற்றர் உயரத்தில் பூமியைச் சுற்றி ஓடுகிற ஸ்டார்லிங்க் எந்தக் கணக்கில் கோள்? செயற்கைத் துணைக்கோள் என்று முழுதாக எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அதில் பிழையில்லை, நீளம் மட்டும்தான். ஆனால் துணையைக் கழற்றிவிட்டுக் கோளை மட்டும் வைத்துக்கொண்டால், வேலைக்காரனை வெளியே அனுப்பிவிட்டு முதலாளியின் பெயரை அவனுக்கு வைத்த மாதிரி ஆகிவிடுகிறது.

நான் சும்மா சொல்லவில்லை. உண்மையான செயற்கைக்கோள்கள் வானத்தில் இருக்கின்றன. 1959 ஜனவரியில் சோவியத் லூனா 1ஐச் சந்திரனை நோக்கி விட்டது. அது குறி தவறி, ஏறக்குறைய 6,000 கிலோமீற்றர் தள்ளிப் போய், சூரியனைச் சுற்றத் தொடங்கியது. அதைச் செயற்கைக் கோள் என்று சோவியத்துக்காரரே கொண்டாடினார்கள். சரியான பேச்சு. 2018 பெப்ரவரி 6ஆம் தேதி ஈலோன் மஸ்க் தன்னுடைய சிவப்பு ரெஸ்லா காரை ஒரு பொம்மை விண்வெளி வீரனோடு ஏற்றி அனுப்பினாரே, இணையம் முழுக்க அன்று அந்தப் படம்தானே. அந்தக் கார் இன்றைக்கும் சூரியனைத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதுவும் செயற்கைக்கோள். 2021 டிசம்பர் 25இல் ஏவிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தள்ளி நின்று பூமியோடு சேர்ந்து சூரியனைச் சுற்றுகிறது. அதையும் அந்தப் பட்டியலில் போடலாம். இவற்றுக்கென்று ஒரு சொல் தேவை, அந்த நல்ல சொல்லைக் கொண்டுபோய் டிஷ் அன்ரெனாவுக்கு மேலே கட்டிவிட்டோம். இனி அந்தக் காரை என்னவென்று சொல்வது?

இதை நான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதியபோது கனடாவிலிருக்கும் பெறாமகன் ஒருவன் மறுத்தான். "சித்தி, பழைய தமிழில கோள் எண்டா ஒன்பது. அதில சந்திரனும் இருக்கு. கோயில்ல ஒன்பது கோளையும் நீங்கள்தானே சுத்துறனீங்கள்" என்றான். நல்ல கேள்வி. கொள் என்ற வினையிலிருந்து பிறந்தது கோள், பற்றிக்கொள்வது. கிரகம் என்ற வடசொல்லுக்கும் அதே பொருள்தான். அந்தக் கணக்கில் சந்திரன் கோள் என்பது உண்மை. ஆனால் சூரியனும் கோள், இராகு கேதுவும் கோள். கோயிலில் ஒன்பதைச் சுற்றலாம், நான் சுற்றுகிறேன். வகுப்பில் எட்டு என்று எழுதினால்தான் புள்ளி. எட்டு என்று படிப்பித்த அதே வாயால் ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்கள் என்று சொன்னால் பிள்ளை எதை நம்பும்?

அவன் விடவில்லை. மதி என்றால் அறிவும்தானே, செய்மதி என்றால் ஏஐ என்றல்லவா விளங்கும் என்றான். கூடவே ஒரு மீமும் போட்டான், மண்டைக்குள் நிலா எரிகிற மாதிரி. படம் நன்றாக இருந்தது, எல்லாரும் சிரித்தோம். ஆனால் வாதம் நிற்காது. அறிவைக் குறிக்கிற மதி வடமொழியிலிருந்து வந்தது. நிலவைக் குறிக்கிற மதி சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. முழுமதி என்றால் முழு அறிவு என்று யாரும் மயங்குவதில்லை. ஏஐக்குச் செயற்கை நுண்ணறிவு என்று சொல் ஊன்றியும் விட்டது. அத்தோடு, இரண்டாவது பொருளைத் தோண்டுவதென்றால் கோளையும் தோண்ட வேண்டும். கோள் சொல்வது, கோள் மூட்டுவது எல்லாம் ஊரில் ஒவ்வொரு நாளும் புழங்குகிற பேச்சு. அதற்குப் பெறாமகன் ஒரு கைகூப்பிய படத்தை மட்டும் அனுப்பினான்.

இந்தியாவில் செயற்கைக்கோள் என்ற சொல் வேரோடிவிட்டது. 1975இல் அவர்களுடைய முதல் செய்மதி ஆரியபட்டா போனதிலிருந்து இன்றுவரை அங்குள்ளவர்கள் அதைக் கொண்டே எழுதுகிறார்கள், படிக்கிறார்கள். அவர்களைப் போய்த் திருத்த நான் நினைக்கவில்லை. ஆனால் எங்களிடம் அதைவிடச் சரியான சொல் ஏற்கனவே இருந்தது. அதைக் கைவிடுவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. 2019இல் இலங்கையின் இராவணா-1, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடிய சின்னப் பெட்டி, விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டபோது நம் பத்திரிகைகள் செய்மதி என்றுதான் எழுதின. அதற்கு முன்னும் வன்னிக்கு இந்தச் சொல் புதிதில்லை. தொலைபேசிக் கம்பியே இல்லாத காலத்தில் வெளியே கதைக்க இருந்தது செய்மதித் தொலைபேசி. 2009இல் எங்கள் கடற்கரையை உலகம் பார்த்தது ஐநாவின் செய்மதிப் படங்களில். இப்படிப் புழங்கிய சொல்லைப் பிள்ளைகளின் கொப்பியில் நான் அழிக்க விடமாட்டேன்.

மொழிபெயர்ப்பாளர்களிடமும் எனக்குக் கோபம் உண்டு. இயந்திரம் பிழை விட்டால் இயந்திரம். மனிதர் பார்த்து அச்சடித்த அறிக்கை ஒன்று போன வருடம் கைக்கு வந்தது. "தொலைதூரக் கிராமங்களில் மூன்று செயற்கைக்கோள் சிகிச்சை நிலையங்கள் நிறுவப்படும்" என்று போட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்து அம்மா ஒருவர் அதை வாசித்துவிட்டு, வைத்தியர் ரிவியில் வந்து மருந்து சொல்லுவாரா என்று கேட்டார். அவர் கேட்டதில் என்ன பிழை? எழுதியிருப்பதை அவர் சரியாகத்தான் விளங்கிக்கொண்டார். ஆங்கிலத்தில் சற்றலைற் கிளினிக் என்பார்கள், அது கிளைச் சிகிச்சை நிலையம். பெரிய ஆசுபத்திரிக்குத் துணையாக ஊருக்குள் வைக்கிற சின்ன இடம். மெய்க்காவலன் என்ற மூலக் கருத்தைப் பிடித்திருந்தால் துணை என்ற சொல் தானாக வந்திருக்கும். சொல்லைச் சொல்லாக மாற்றுகிற பழக்கம் இருக்கும்வரை துணை நகரமும் செயற்கைக்கோள் நகரமாகத்தான் வரும்.

ஏவுகணையும் அப்படித்தான். செய்மதியைக் கொண்டுபோகிற ஊர்திக்குச் செய்திகளில் ஏவுகணை என்று சொல்கிறார்கள். கணை என்றால் அம்பு, கொல்லப் போவது. வன்னியில் அந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்கும் விண்வெளி நினைவுக்கு வராது. ஏவூர்தி என்ற நல்ல சொல் இருக்கிறது, அதைச் சொல்லுங்கள்.

மக்கள் தாங்களாகச் சொல் செய்தால் எப்படி வரும் என்பதையும் பார்த்தேன். போன காலபோகத்தில் பன்றிக்கும் யானைக்கும் காவல் இருந்த இரவு, வயல் பரணில் எங்கள் பெரியப்பா மேலே கையைக் காட்டி, "அந்தா பார், ஓடுவெள்ளி" என்றார். எங்கள் பக்கத்தில் வானத்து மீன்களை வெள்ளி என்பதுதான் வழக்கம். மினுங்காமல், ஒரே வேகத்தில், ஒரு சின்ன வெளிச்சம் முத்தையன்கட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஓடுவெள்ளி. அதுவும் வினைத்தொகை. பள்ளிக்கூடம் அதிகம் போகாத மனிதர், செய்மதி செய்தவர்கள் போட்ட அதே பாதையில் சொல்லைப் போட்டுவிட்டார். கண்ணுக்குத் தெரிகிற செய்மதிக்கு ஓடுவெள்ளி என்பதை நான் வகுப்பில் இப்போது சொல்லிக்கொடுக்கிறேன்.

கொஞ்சநாளில் ஸ்டார்லிங்க் வரிசையாகப் போனதை ஒரு பொடியன் எடுத்து, "முல்லைத்தீவு வானில் வேற்றுக்கிரகவாசிகள்" என்று தலைப்புப் போட்டு விட்டான். ஒரே இரவில் ஊர் முழுக்கப் பரவியது. அடுத்த நாள் வகுப்பில் அது என்னவென்று விளங்கப்படுத்தினேன். அப்புறம் ஒருத்தி கேட்டாள், இப்படிக் கூட்டமாகப் போகிறதற்குத் தமிழில் என்ன என்று. ஆங்கிலத்தில் கொன்ஸ்ரலேஷன் (constellation) என்பார்கள், கைபேசி அதற்கு விண்மீன் கூட்டம் என்று தருகிறது. அது பிழை, அதில் ஒரு விண்மீனும் இல்லை. நமது புத்தகத்தில் இருக்கிற உடுத்தொகுதி என்பதும் உண்மையான உடுக்களுக்கு, அதாவது விண்மீன்களுக்குத்தான். செய்மதித் தொகுதி என்று கரும்பலகையில் எழுதப் போனேன். பின்வாங்கிலிருந்து ஒருவன், மாடு வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை, "பட்டி எண்டு சொல்லலாமே ரீச்சர், எங்கட மாடு பின்னேரம் குளத்தால வாற மாதிரித்தானே போகுது" என்றான்.

செய்மதிப் பட்டி என்று எழுதினேன். எல்லாரும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.