பிரசங்கிக்கும் முன் கேட்க வேண்டியது: இது எந்த வகை எழுத்து?

புத்தாண்டு நெருங்கினால் சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளில் வாக்குத்தத்த அட்டைகள் (ஆண்டு முழுவதும் பற்றிக்கொள்ள ஒரு வேத வசனம் அச்சிட்டவை) தயாராகிவிடும். அவற்றில் அடிக்கடி இடம்பெறும் வசனம் யோபு 8:7. ‘உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்.’ புதிதாகக் கடை போடுகிறவருக்கும், ஒர்க் பெர்மிட்டில் வந்து விடுதியில் தங்கியிருக்கும் தம்பிக்கும் கேட்கவே இதமாக இருக்கும்.

ஆனால் இதைச் சொல்பவர் ஆண்டவர் அல்ல, யோபுவின் நண்பர்களில் ஒருவரான பில்தாத். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த தகப்பனான யோபுவிடம், அவர்கள் பாவம் செய்ததால்தான் மாண்டார்கள் என்பதுபோல் மூன்று வசனங்களுக்கு முன்புதான் பேசியிருக்கிறார். புத்தகத்தின் முடிவில், இந்த நண்பர்கள் தம்மைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று கர்த்தரே கோபப்படுகிறார் (42:7). யோபுவின் முடிவு நிறைவாகத்தானே இருந்தது என்று கேட்கலாம். இருந்தது, பில்தாத் சொன்ன காரணத்தால் அல்ல. யோபு புத்தகம் கவிதையில் நடக்கும் வழக்காடல். யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்க்காமல் ஒரு வரியை எடுத்துப் பிரசங்கித்தால், துக்கத்தில் இருப்பவருக்கு நாமும் பில்தாத் ஆகிவிடுவோம்.

நீதிமொழிகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. ‘பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து; அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்’ என்ற 22:6-ஐ உத்தரவாதமாகப் பிரசங்கிக்கிறோம். மகன் சபையை விட்டுப் போன தாய், ‘அப்போ என் வளர்ப்புதான் தப்பா, பாஸ்டர்?’ என்று வந்து நிற்கிறார். ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்பதை யாரும் கடவுளின் ஒப்பந்தமாக எடுத்துக்கொள்வதில்லையே. மூடனுக்கு மறுமொழி சொல்லாதே என்று 26:4 சொல்கிறது, சொல் என்று அடுத்த வசனமே சொல்கிறது. இடமறிந்து பயன்படுத்துகிறவனுக்கே நீதிமொழி.

என் ஊழியத்தில் அதிகம் கவலைப்பட வைப்பது புலம்பல் பாட்டுகளை நாம் கையாளும் விதம். 150 சங்கீதங்களில் கணிசமான பங்கு புலம்பல். 13-ஆம் சங்கீதம் நான்கு முறை ‘எதுவரைக்கும்’ என்று கேட்டுவிட்டுத்தான் துதிக்கு வருகிறது. 88 கடைசிவரை துதிக்கு வருவதே இல்லை. ஒரு வாலிபனின் அடக்க ஆராதனை, வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கின் கீழ்த்தளத்தில். 88-ஐ முழுவதும் வாசித்தேன், ‘ஆனாலும் சந்தோஷப்படுங்கள்’ என்று எதையும் ஒட்டவில்லை. பெட்டியருகே இருந்த அம்மா, ‘இது எத்தனையாவது சங்கீதம்?’ என்று கேட்டு, வேதாகமத்தில் அந்தப் பக்கத்தை மடித்துக்கொண்டார். பாட்டு அழுகையில் நின்றால் பிரசங்கமும் அங்கே நிற்கலாம். அதில் மூன்று குறிப்புகளும் வெற்றி முழக்கமும் தேடுவது, எழுதியவர் வாயை அடைப்பது.

உவமை வேறு மாதிரி. லூக்கா 18-இல், ஒரு விதவை ஓயாமல் கேட்டதால் மட்டும் நியாயம் செய்யும் அநீதியுள்ள நியாயாதிபதியைக் கடவுளுக்கு நேராக வைத்தால் கதையே கெட்டுவிடும். அவனே இறங்கினால் தேவன் எவ்வளவு அதிகமாய்ச் செய்வார் என்பதில்தான் அதன் விசை இருக்கிறது.

நிருபங்கள், அதாவது அப்போஸ்தலர்களின் கடிதங்கள், சபையில் உரக்க வாசிக்க எழுதப்பட்டவை. அடிமை ஒநேசிமுவை ஏற்றுக்கொள்ளும்படி அவனுடைய எஜமான் பிலேமோனுக்குப் பவுல் எழுதிய கடிதம் வெறும் 25 வசனம். வருகிற ஞாயிறு பிரசங்கிக்கும் தம்பி தங்கைகள், அதை முழுக் கடிதமாக நிதானமாக வாசித்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள். ஒநேசிமுவின் பெயர் பத்தாம் வசனம்வரை ஏன் வரவில்லை என்பதைக் கேட்பவர்களே கவனித்துவிடுவார்கள்.