வளைகுடாவுக்குக் கிளம்புகிறீர்களா? மருந்துப் பையை முதலில் கட்டுங்கள்

கேரள எல்லையில் இருக்கும் எங்கள் களியக்காவிளைப் பக்கத்தில் வளைகுடாவில் ஆள் இல்லாத வீடு குறைவு. விமானம் ஏற எங்களுக்குத் திருவனந்தபுரம்தான் பக்கம். மருந்துக்கடையில் நிற்பதால், யார் வீட்டில் யார் கிளம்புகிறார்கள் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். மூன்று மாத மாத்திரையை மொத்தமாகக் கேட்பார்கள். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறவர்கள், மருந்தை மட்டும் கடைசி நாள் ராத்திரி ஒரு கவரில் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். இங்கே பரிசோதனையிலும் அங்கே சுங்கத்திலும் மாட்டிக்கொள்ளாமல் இருக்க அந்தக் கவரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

இடம் மிச்சமாகட்டும் என்று மாத்திரைகளைப் பிதுக்கி எடுத்து ஒரே டப்பாவில் போடாதீர்கள். பெயர் இல்லாத வெள்ளை மாத்திரை என்ன மருந்து என்று எந்த அதிகாரிக்கும் தெரியாது. அட்டையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. சில அட்டைகளில் பெயரும் காலாவதித் தேதியும் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். நாலு மாத்திரை போதும் என்றால் நாங்கள் வெட்டித் தருவோம். அந்தத் துண்டில் ஒன்றுமே இருக்காது. அதனால் பயணத்துக்கு முழு அட்டையாக வாங்குங்கள், பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் டாக்டர் சீட்டு. அதில் ‘ராஜன், 52’ என்று மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் சேர்ந்து நீளமாக நிற்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும், அங்கே தெரியாது. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், என்ன நோய், மருந்தின் மூலப்பெயர் (கம்பெனி வைத்த பெயர் அல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்), அளவு, எத்தனை நாளைக்கு என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள்.

நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. இங்கே சாதாரணமாக எழுதித் தரும் சில மருந்துகள் அமீரகத்திலும் சவூதியிலும் கட்டுப்பாட்டில் உள்ளவை. கடும் வலிக்கான டிராமடால், தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் அல்பிரசோலம், குளோனாசிபாம், கோடீன் கலந்த இருமல் சிரப் எல்லாம் இதில் வரும். பலருக்குத் தெரியாதது பிரிகாபலின். சர்க்கரை நோயால் கால் எரிகிறது என்று வருகிறவர்களுக்கு வைட்டமின் மாத்திரையோடு சேர்ந்தே இது வரும். ‘நரம்புச் சத்து மாத்திரை’ என்றுதான் வாங்கிப் போகிறார்கள். அட்டையைத் திருப்பி, வணிகப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் படியுங்கள். இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால், இரண்டு நாட்டுக்கும் இணையத்திலேயே முன் அனுமதி வாங்க வழி இருக்கிறது. வேறு மருந்துக்கு மாறலாமா என்று டாக்டரிடமும் கேட்கலாம். மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். இவற்றில் சிலவற்றைத் திடீரென்று விட்டால் வலிப்புகூட வரலாம்.

அடுத்தவருக்கான மருந்து இதைவிட மோசம். “மக்களே, நீ போற இடத்துலதான் எம் மருமவனும் இருக்கான், இந்த மாத்திரைய மட்டும் குடுத்திரு” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டால் மறுக்க மனம் வராது. மறுத்துவிடுங்கள். உங்கள் பெட்டியில் இருப்பதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். கைது வரை போகும் விஷயம் இது. அதே பொட்டலத்தில் மசாலாவோடு கசகசாவும் இருக்கலாம். நம் அடுக்களையில் அது குருமாவுக்கு அரைப்பது. அமீரகத்திலும் சவூதியிலும் தடை செய்யப்பட்ட பொருள்.

எங்கள் எல்லையில் ஆயுர்வேதமும் கூடவே வரும். கஷாயம், தைலம், குழம்பு (சாப்பாட்டுக் குழம்பு அல்ல, உடம்பில் தேய்க்கும் மருந்தெண்ணெய்) எல்லாமே திரவக் கணக்குதான். 100 மில்லிக்கு மேற்பட்ட குப்பி கைப்பையில் போகாது. அரிஷ்டங்களில் நொதிக்கும்போது தானாக உண்டாகும் ஆல்கஹால் உண்டு. மதுவுக்குத் தடை உள்ள சவூதி, குவைத் போகிறவர்கள் அதை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது.

இன்சுலினும் தினசரி மாத்திரையும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். கீழே சரக்கு அறையில் போடும் பெட்டி தாமதமாகலாம், குளிரில் இன்சுலின் உறையலாம். உறைந்ததை மறுபடி பயன்படுத்தக் கூடாது. ஊசி இருப்பதைப் பரிசோதனையில் நீங்களே முதலில் சொல்லிச் சீட்டைக் காட்டுங்கள். சர்க்கரைக்காரர்கள் கையில் பிஸ்கட் வைத்துக்கொள்ளுங்கள், வரிசை நீளமாக இருக்கும்.

விமான நிலையம் போகும் வழியில் பாலராமபுரம் நெரிசலையும் கணக்கில் வைத்து, மூன்று மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். வெளிநாட்டு முனையம் சாக்கை பக்கம். சங்குமுகத்தில் இருப்பது உள்நாட்டு முனையம். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் (சாமியை நீராட்டக் கொண்டுபோவது) ஓடுபாதை வழியாகவே போகும், அந்த மாலை சில மணி நேரம் விமானம் கிடையாது. அந்த நாட்களில் பயணம் என்றால் நேரம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள், மருந்து வேளையையும் அதற்கேற்ப மாற்றலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முந்தின ராத்திரி கடைக்கு ஓடி வராமல், ரெண்டு வாரம் முன்பே பாஸ்போர்ட் நகலோடும் எல்லா மருந்துகளோடும் வாருங்கள். ஒவ்வொரு அட்டையாக உட்கார்ந்து பார்த்துவிடலாம். டாக்டரிடம் மறுபடி போக வேண்டியிருந்தால் அதற்கும் நாள் இருக்கும்.