படபடப்புக்கும் கொழுப்புக்கும் நடுவே தைராய்டு

பினாங்கின் பிறையிலும் பட்டர்வொர்த்திலும் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேராகக் கிளினிக்குக்கு வரும் பெண்கள் பலர், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, தூக்கம் பிடிப்பதில்லை, காரணமே இல்லாமல் பயமாக இருக்கிறது என்று முறையிடுகிறார்கள். ‘யோசனை அதிகம்’ என்று வீட்டார் அதை முடித்துவிடுகிறார்கள். மனப்பதற்றம் உண்மையான நோய்; அதற்கு நல்ல சிகிச்சையும் உண்டு. ஆனால் தைராய்டைப் பரிசோதிக்காமல் அந்தப் பெயரைச் சூட்டிவிடுவது சரியன்று என்பது என் உறுதியான கருத்து.

தைராய்டு ஹார்மோன் மிகும்போது, இதயம் அட்ரினலினுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக எதிர்வினை காட்டுகிறது. அதனால் வேகமான நாடி, வியர்வை, எரிச்சல், கை நடுக்கம் என்று பதற்ற நோயின் அறிகுறிகள் எல்லாமே அங்கும் வந்துவிடுகின்றன. இரண்டையும் பிரித்தறியச் சில தடயங்கள் உண்டு. பதற்றத்தில் படபடப்பு பெரும்பாலும் வந்து போகும். தைராய்டு மிகையில் உறங்கும்போதும் நாடி வேகமாகவே இருக்கும். முன்னதில் உள்ளங்கை சில்லிட்டு வியர்க்கும், பின்னதில் வெதுவெதுப்பாக இருக்கும். தைராய்டு மிகையில் நன்றாகச் சாப்பிட்டும் எடை குறையும். கைகளை நீட்டச் சொல்லி விரல்களின் மேல் ஒரு தாளைப் பரப்பி வைத்தால், கண்ணுக்கு எளிதில் தெரியாத மெல்லிய நடுக்கம் தாளின் ஓரத்தில் தெரிந்துவிடும்.

தைராய்டு குறைவு இதற்கு நேர்மாறானது. அது ஓசையில்லாமல் வருவதால்தான் எனக்குக் கூடுதல் கவலை. ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்மணி, கொலஸ்ட்ரால் மாத்திரையின் அளவைக் கூட்டிய பிறகும் கொழுப்பு இறங்கவில்லை, மாறாகத் தசைவலிதான் கூடியிருக்கிறது என்று வந்தார். முகம் சற்று ஊதியிருந்தது. மலச்சிக்கல் பல மாதங்களாக இருந்தது. நாற்காலியில் மண்டியிடச் சொல்லிக் குதிகால் தசைநாரைத் தட்டியபோது, துள்ளிய பாதம் மிக மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்பியது. இரத்தப் பரிசோதனையில், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். மிக உயர்ந்திருந்தது; தைராய்டு குறைவின் அடையாளம் அது. தைராய்டு ஹார்மோன் குறைந்தால், கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.லை இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் கல்லீரலின் திறனும் குறைகிறது. இரத்த அழுத்தத்தின் கீழ் எண் ஏறலாம். இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. இந்நிலையில் ஸ்டாட்டின் என்னும் கொலஸ்ட்ரால் மாத்திரையை மட்டும் கூட்டினால் தசை பாதிக்கப்படும் ஆபத்தும் கூடுகிறது. இவர்களுள் பலருக்குச் சோர்வோடு மனப்பதற்றமும் சேர்ந்தே இருப்பதை மறந்துவிடக் கூடாது.

இப்படி அழுத்தமும் சீனியும் கொழுப்பும் சேர்ந்து கெடுவதை வளர்சிதைமாற்றக் கோளாறுத் தொகுதி என்று நாங்கள் சொல்கிறோம். ஐந்தில் மூன்று சேர்ந்திருக்கும் நிலை அது: ஆசியர்களில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் அதற்கு மேலுமான இடுப்புச் சுற்றளவு, 130/85ஐ எட்டிய இரத்த அழுத்தம், வெறும் வயிற்றில் லிட்டருக்கு 5.6 மில்லிமோலை எட்டிய சீனி, 1.7 மில்லிமோலை எட்டிய டிரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பு, குறைந்துபோன நல்ல கொழுப்பு. மலேசியாவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு இனிப்புநீர் இருப்பதாக 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு காட்டியது.

அதற்காக எல்லாப் பழியையும் தைராய்டின் தலையில் போடுவதும் தவறு. தைராய்டு குறைவால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோதான். அதிலும் கணிசமான பங்கு உப்பும் நீருமே. இருபது கிலோ கூடியதற்கு விளக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. டி.எஸ்.எச். சற்றே உயர்ந்து, தைராய்டு சுரக்கும் ஹார்மோன் சரியாக இருந்தால், உடனே மாத்திரை தொடங்காமல் இரண்டு மூன்று மாதங்களில் மறுபடி பார்ப்பதே பெரும்பாலும் முறை. பலருக்கு அது தானாகவே சரியாகிவிடுகிறது. அறிக்கை முற்றிலும் சரியாக இருந்தாலும் மனப்பதற்றத்தை ஒதுக்கிவிட முடியாது. நீடித்த பதற்றமும் இரவு ஷிப்டில் கெட்டுப்போகும் தூக்கமும் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசோலின் போக்கைக் குலைத்துச் சீனியையும் இடுப்புச் சுற்றளவையும் ஏற்றக்கூடியவை. விழித்திருப்பதற்காக அடுத்தடுத்துக் குடிக்கும் தே தாரிக் அதற்குத் துணைபோகிறது. மனநல மருந்துகள் சிலவும் எடையைக் கூட்டும் என்பதால், அவற்றை எடுப்பவர்களின் இடுப்பையும் சீனியையும் அவ்வப்போது அளந்து பார்க்க வேண்டும்.

இணையத்தில் விற்கும் மெலிவுக் காப்பிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இதய ஆபத்தின் காரணமாக 2010இல் பல நாடுகளில் விலக்கப்பட்ட, பசியைக் குறைக்கும் மருந்தான சிபுட்ராமின் இத்தகைய பொருள்களில் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. எடையைக் குறைக்க அதைக் குடித்துவிட்டுப் படபடப்போடு வருபவர்கள், கேட்டால்தான் சொல்கிறார்கள். தயவுசெய்து கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள்.

முடி வளர்வதற்காக பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் இல்லாத தைராய்டு மிகை அறிக்கையில் தோன்றக்கூடும். தைராய்டு குறைவுக்கான ஹார்மோன் மாத்திரையான தைராக்ஸின் எழுதித் தரப்பட்டவர்கள் அதை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, கோப்பிக்கும் பசியாறலுக்கும் குறைந்தது அரை மணி நேரம் காத்திருங்கள். இரும்பு, கால்சிய மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. ஆறு முதல் எட்டு வாரங்களில் மறு பரிசோதனை செய்வோம். அதற்குள் புதிதாகப் படபடப்பு தொடங்கினால் அளவு கூடிவிட்டதா என்று பார்க்க வேண்டியிருக்கும். மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடாமல் கிளினிக்குக்கு வாருங்கள்.