பத்து லட்சம் டாலருக்கு மேல் நான்கு சதவீதம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வருமான வரிப் படிவம் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். 2022 இலையுதிர்காலத்தில் என்னிடம் வந்த தமிழ்க் குடும்பங்களில் பலரும் கேட்டது ஒரே கேள்வி: "சார், வீட்டை வித்தா அந்த நாலு பர்சன்ட் எங்க தலையிலயும் விழுமா?" பத்து லட்சம் டாலரைத் தாண்டும் ஆண்டு வருமானத்துக்கு 4 சதவீத மேல்வரி விதித்து, அந்தப் பணத்தைக் கல்விக்கும் போக்குவரத்துக்கும் செலவிட வேண்டும் என்ற அரசியலமைப்புத் திருத்தம் நவம்பர் வாக்கெடுப்புக்கு வந்திருந்த நேரம் அது.

ஒரு தம்பதியர் பத்திரத்தோடு வந்திருந்தார்கள். வாங்கிய விலை 4 லட்சம், விற்க நினைத்த விலை 11 லட்சம். லாபம் 7 லட்சம் என்றாலும், குடியிருந்த வீடு என்பதால் தம்பதியருக்கு 5 லட்சம் வரை விலக்கு உண்டு; மிஞ்சும் 2 லட்சத்தோடு இருவரின் சம்பளமான இரண்டரை லட்சத்தைச் சேர்த்தாலும் நாலரை லட்சத்தைத் தாண்டவில்லை. மேலும், வரம்புக்கு மேற்பட்ட தொகைக்குத்தான் மேல்வரி. பத்து லட்சம் வரம்பு இருந்த 2023ஆம் ஆண்டுக்கு, 11 லட்சம் வருமானம் உள்ளவர் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது 4,000 டாலர். காகிதத்தில் கூட்டிக் கழித்துக் காட்டிய பிறகே அவர்கள் முகம் தெளிந்தது.

இந்தப் பணம் ஏன் தேவைப்பட்டது? இங்கே பள்ளிச் செலவில் பெரும்பங்கை ஊரின் சொத்து வரி தாங்குகிறது. 1980இல் வந்த சட்டப்படி ஓர் ஊர் தன் மொத்தச் சொத்து வரி வசூலை, புதிய கட்டுமானம் நீங்கலாக, ஆண்டுக்கு இரண்டரை சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் ஊர் மக்கள் வாக்களித்து அனுமதிக்க வேண்டும். வசதியான ஊருக்கு அது எளிது. வாடகைக்குக் குடியிருப்போர் நிறைந்த பழைய ஆலை நகரங்களுக்கு எளிதன்று. அந்த இடைவெளியைக் குறைக்க 2019இல் நிறைவேறிய சட்டம், ஏழு ஆண்டுகளில் 150 கோடி டாலர் அளவுக்குப் பள்ளி உதவியைக் கூட்ட உறுதி கொடுத்தது. ஆனால் அதற்கான பணத்தை அதிக வருமானம் உள்ளவர்களிடம் கூடுதல் விகிதத்தில் வாங்க வழியில்லை: எல்லோருக்கும் ஒரே விகிதத்தில்தான் வருமான வரி என்று மாநில அரசியலமைப்பு அப்போது சொன்னது. அதை மாற்ற 1962 முதல் 1994 வரை ஐந்து முறை வாக்கெடுப்பு நடந்தும் ஐந்திலும் தோல்விதான்.

ஆறாம் முறை வென்றதற்குக் காரணம் 'ரெய்ஸ் அப் மாசசூசெட்ஸ்' என்ற கூட்டமைப்பு. ஆசிரியர் சங்கம், சேவைத் தொழிலாளர் சங்கம், மத அமைப்புகள், வட்டார மக்கள் அமைப்புகள் ஆகியவை 2013இல் ஒன்றுசேர்ந்து, குறைந்தபட்சக் கூலிக்கும் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்புக்கும் சேர்ந்தே கையெழுத்து வாங்கிப் பழகியவை. வரித் திருத்தத்துக்கான கையெழுத்து இயக்கம் 2015இல் தொடங்கியது. 2018 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் அதை வாக்கெடுப்புக்கு விடவில்லை: வரி, கல்வி, போக்குவரத்து எனத் தொடர்பில்லாதவற்றை மக்கள் மனு ஒன்றில் சேர்க்கக் கூடாது என்பது காரணம். கூட்டமைப்பை ஒன்றாகக் கட்டிவைத்ததே கல்வியும் போக்குவரத்தும் சேர்ந்த அந்த இணைப்புதான் என்பது என் கணிப்பு. பிரித்திருந்தால் பாதிப் பேர் விலகியிருப்பார்கள். அவர்கள் பிரிக்கவில்லை, மக்கள் மனுவுக்குப் பதில் சட்டமன்றமே திருத்தத்தை முன்மொழியும், அந்தத் தடை இல்லாத பாதையைப் பிடித்து, அடுத்தடுத்த இரண்டு சட்டமன்றங்களின் ஒப்புதலை 2019இலும் 2021இலும் பெற்று, 2022 நவம்பரில் ஏறக்குறைய 52 சதவீத வாக்குகளுடன் வென்றார்கள்.

2023 ஜனவரி முதல் வரி நடைமுறையில் உள்ளது. 2024 நிதியாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் வசூலானது. எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவச உணவு நிரந்தரமானதற்கும், சமுதாயக் கல்லூரிக் கட்டணம் நீங்கியதற்கும் இந்தப் பணம் உதவியிருக்கிறது. கணவனும் மனைவியும் தனித்தனிப் படிவம் கொடுத்து வரம்பைத் தவிர்க்கும் வழியும், மத்திய அரசுக்குக் கொடுத்த முறையிலேயே மாநிலத்துக்கும் கொடுக்க வேண்டும் என்ற விதியால் அடைபட்டுவிட்டது.

ஒரு நுணுக்கத்தை மட்டும் வாடிக்கையாளர்களிடம் தவறாமல் சொல்கிறேன். இந்த வருவாய் சட்டமன்ற ஒதுக்கீட்டுக்கு உட்பட்டது என்று திருத்தமே சொல்கிறது. மேல்வரிப் பணத்தை ஒரு கையால் பள்ளிக்குக் கொடுத்து, ஏற்கெனவே கொடுத்துவந்த பொது நிதியை மறு கையால் எடுத்துக்கொள்ள அதில் தடை இல்லை. ஆளுநரின் பட்ஜெட் பொதுவாக ஜனவரியிலும், கீழவையினுடையது ஏப்ரலிலும், மேலவையினுடையது மே மாதத்திலும் வரும். அப்போது மேல்வரித் தொகையை மட்டும் பார்க்காமல், மாநிலம் உங்கள் ஊர்ப் பள்ளிக்குத் தரும் மொத்த உதவியைச் சென்ற ஆண்டுத் தொகையோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் உங்கள் தொகுதிப் பிரதிநிதிக்கு எழுதுங்கள். கிரீன் கார்டோ விசாவோ வைத்திருப்பவருக்கு வாக்கு இல்லாவிட்டாலும், கடிதம் எழுதவும் பொது விசாரணையில் பேசவும் தடையேதும் இல்லை.