மனிதாபிமானத் தலையீடு: சொல் விளக்கம்

ஒரு நாட்டில் உள்நாட்டுப் போர் முற்றி மக்கள் கொத்துக் கொத்தாகச் சாகும்போது, பணமும் படையும் உள்ள வெளிநாடு அந்த நாட்டு அரசைக் கேட்காமலே உள்ளே போய் அவர்களைக் காப்பாற்றுவதற்கு இப்படிப் பெயர். ‘ஹியூமானிடேரியன் இன்டர்வென்ஷன்’ என்பதன் நேர் மொழிபெயர்ப்பு.

‘தலையீடு’ என்ற சொல்லில் குறையில்லை. ‘என் விஷயத்தில் தலையிடாதே’ என்னும்போது வரும் எரிச்சல்கூட அதில் இருக்கிறது. இந்த இடத்துக்கு அதுவும் வேண்டியதுதான்.

அபிமானம் வடசொல். சமஸ்கிருதத்தில் செருக்கு, தன்னைப் பற்றிய உயர்ந்த எண்ணம் என்பது அதன் முக்கியப் பொருள். தமிழுக்கு வந்து பற்று என்றானது: தேசாபிமானம், பாஷாபிமானம், அபிமான நடிகர். ஆங்கிலச் சொல்லின் கதையும் வேடிக்கைதான். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இயேசு கடவுள் அல்ல, மனிதர் மட்டுமே என்று நம்பியவரைத்தான் ‘ஹியூமானிடேரியன்’ என்றார்கள். பிறர் துயர் துடைப்பவர் என்ற பொருள் அப்புறம் வந்தது, அதுவும் கொஞ்சம் கேலியோடு.

தமிழில் மனிதநேயம், மாந்தநேயம் என்பார்கள். ‘நேயத்தே நின்ற நிமலன்’ என்று திருவாசகத்திலேயே நேயம் உண்டு. அதுவும் ‘ஸ்நேகம்’ என்ற வடசொல் வழி வந்ததே என்பார் ஒரு சாரார். ‘நெய்’ என்ற தமிழ் வேரைக் காட்டுவார் மறுசாரார். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

பழைய சொல் வேண்டுமென்றால் என் வாக்கு அருளுக்கு. ‘அருளென்னும் அன்பீன் குழவி பொருளென்னும் செல்வச் செவிலியால் உண்டு’ (குறள் 757). தொடர்புடையவர்மேல் செல்வது அன்பு, தொடர்பே இல்லாமல் வருந்துபவர்மேல் செல்வது அருள் என்று பிரிக்கிறார் பரிமேலழகர். யாரோ ஒரு நாட்டு மக்களுக்காகப் பணக்கார நாடு ஏன் செலவு செய்ய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான குறள் கிடைக்காது. அருள் என்ற பிள்ளையை வளர்க்கும் செவிலி பொருள். பொருள் இருப்பவன்தான் அதை வளர்க்க முடியும்.

சோமாலியாவைப் பாருங்கள். 1991 ஜனவரியில் சியாத் பாரே ஆட்சி விழுந்தது. அனுமதி கேட்கக்கூட அங்கே அரசு இல்லை. ஆயுதக் குழுக்கள் நிவாரண உணவைக் கொள்ளையடிக்க, பஞ்சம் மக்களைத் தின்றது. ஐ.நா. பாதுகாப்பு அவையின் 794-ஆம் தீர்மானத்தின்படி 1992 டிசம்பர் 9 அன்று அமெரிக்கப் படை தலைநகர் மொகதிஷு கடற்கரையில் இறங்கியது. இருட்டில் வந்திறங்கிய வீரர்களை விளக்கும் கேமராவுமாகக் காத்திருந்த தொலைக்காட்சிக்காரர்கள் வரவேற்றார்கள். செருக்கு என்ற பழைய பொருளில் அபிமானம் எட்டிப் பார்த்த இடம் என்று சொல்லலாம். ஆனால் லாரிகள் பஞ்சம் வாட்டிய பைடோவா நகருக்குப் போய்ச் சேர்ந்தன, சோறு கிடைத்தது, உயிர்கள் பிழைத்தன. அதை யாரும் மறுக்க முடியாது.

கெட்டது அடுத்த ஆண்டில். 1993 ஜூனில் ஐ.நா. படையின் பாகிஸ்தான் வீரர்கள் 24 பேர் கொல்லப்பட்டதும், சோறு போட வந்த வேலை அய்தீத் என்ற ஆயுதக் குழுத் தலைவரைப் பிடிக்கும் வேட்டையாக மாறியது. அக்டோபர் 3 சண்டையில் அமெரிக்க வீரர்கள் 18 பேரும் சோமாலியர் நூற்றுக்கணக்கானோரும் இறந்தனர். 1994 மார்ச்சுக்குள் அமெரிக்கா மூட்டை கட்டியது. ஏப்ரலில் ருவாண்டாவில் படுகொலை தொடங்கியபோது எவரும் தலையிட முன்வரவில்லை, அங்கிருந்த ஐ.நா. படையையும் 270 பேராகக் குறைக்கப் பாதுகாப்பு அவை முடிவெடுத்தது. சோமாலியாவில் தலையிட்டது தப்பு என்று இதிலிருந்து பாடம் படித்தவர்கள் தப்பாகப் படித்தார்கள் என்பதே என் எண்ணம்.

சரி, எந்தச் சொல்லை எழுதலாம்? ‘மனிதாபிமான’ என்ற அடைமொழியை எதற்கு முன்னும் ஒட்டலாம் என்பது ஈழத்தமிழருக்குத் தெரியும். 2009-இல் முடிந்த போரையே இலங்கை அரசு ‘மனிதாபிமான நடவடிக்கை’ என்றது. அதன் இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது 2011-இல் ஐ.நா. நிபுணர் குழு. அருள் இன்று கோயிலுக்குள் போய்விட்டதால் ‘அருள் தலையீடு’ என்று எழுதினால் சிரிப்பார்கள். நான் ‘உயிர்காப்புத் தலையீடு’ என்று எழுதுகிறேன். யாருடைய உயிர், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று உடனே கேட்க முடிகிறது.