இரண்டு பெட்டிக்கும் ஒரே பகா எண்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து ஆலைகளிலும் தென்னந்தோப்பு வீடுகளிலும் கேமராவும் ரூட்டரும் மாட்டித் தருவது என் பிழைப்பு. ஓர் அரிசி ஆலையில் வேலையாக இருந்தபோது முதலாளியின் அண்ணன் வந்து உட்கார்ந்தார். தமிழ்வழிப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"2024இல் 4,10,24,320 இலக்கத்தில் ஒரு பகா எண் கண்டுபிடித்தார்களே தம்பி, அதையே இந்த ரூட்டருக்குப் பூட்டாகப் போட்டால் எவன் உடைப்பான்?"

"எவனும் உடைக்க வேண்டாம் சார், சாவிதான் ஊருக்கே தெரியுமே" என்றேன். 2இன் 13,62,79,841ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் அந்த எண் வந்துவிடும். பூட்டுக்கு வேண்டியது யாருக்கும் தெரியாத பகா எண்.

1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மேன் மூவரும் வகுத்த, தகவலைப் பூட்டும் முறையில், கருவி இரண்டு பெரிய பகா எண்களை ரகசியமாக எடுத்துக்கொண்டு அவற்றின் பெருக்கற்பலனை மட்டும் வெளியில் காட்டுகிறது. இன்று வழக்கத்தில் உள்ள 2048 பிட் சாவியில் அந்தப் பலனுக்கு 617 இலக்கம். பெருக்குவது நொடி வேலை. திரும்பப் பிரிக்க இன்றைய கணினிகளால் ஆகாது. பகா எண்களுக்குப் பஞ்சமும் இல்லை. 300 இலக்க அளவில்கூட ஏறக்குறைய 700 எண்களுக்கு ஒன்று பகா எண்தான்.

கோளாறு வேறு இடத்தில். யாரும் ஊகிக்க முடியாத பகா எண்ணை எடுக்கக் கருவிக்கு ஒழுங்கில்லாத, சீரற்ற எண் வேண்டும். கணினி அதை விசை தட்டும், மௌஸ் நகரும் நேரங்களிலிருந்து திரட்டிக்கொள்ளும். மலிவான ரூட்டருக்கு விசைப்பலகை கிடையாது, மௌஸ் கிடையாது. மின்சாரம் கொடுத்ததும் கடிகாரம்கூட ஒரே நேரத்திலிருந்து ஓடத் தொடங்கும். சீரற்ற எண்ணுக்கு அது எங்கே போகும்? ஒரே மாதிரிப் பெட்டிகள் இரண்டு, முதல் பகா எண்ணாக ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. இரண்டாவது எண் மட்டும் மாறுகிறது.

வாத்தியார் நம்பவில்லை. பில்லின் பின்புறத்தில் 8633, 7387 என்று இரண்டு பலன்களை எழுதிக் கொடுத்தேன். எதையும் காரணிப்படுத்த வேண்டாம், மீப்பெரு பொதுக் காரணி மட்டும் பாருங்கள் என்றேன். கழித்தார்: 1246. அதால் 7387ஐ வகுத்தார், மீதி 1157. 1246இலிருந்து அதைக் கழித்தார், 89. 1157ஐ 89 மீதியின்றி வகுத்தது. ஒரு பூட்டில் 89, 97. மற்றதில் 89, 83. இரண்டும் திறந்துவிட்டன. 617 இலக்கத்திலும் இதே யூக்ளிட் கணக்குதான், கணினிக்குக் கண்ணிமைக்கும் நேரம். 2012இல் ஆய்வாளர்கள் இணையத்தில் கிடைத்த சாவிகளை இப்படி ஒன்றோடொன்று உரசிப் பார்த்து, ஆயிரக்கணக்கான கருவிகளின் ரகசியத்தை எடுத்துக் காட்டினார்கள். பெரும்பாலானவை ரூட்டர் போன்ற பெட்டிகள்.

இவ்வளவு நடந்தாலும் பிரௌசரில் எந்த மாற்றமும் தெரியாது. சாவி கையில் கிடைத்தவன் உங்கள் பெட்டியாக நடித்து கடவுச்சொல்லை வாங்கிக்கொள்ளலாம்.

ஆகவே புதுப் பெட்டி மாட்டியதும் மென்பொருளைப் புதுப்பிக்கிறேன். சீரற்ற எண்ணுக்கு வேண்டிய சரக்கு சேரச் சில மணி நேரம் இணையத்தில் ஓடவிட்டு, அதோடு வந்த சாவியை அழித்துப் புதிதாக உண்டாக்கச் சொல்கிறேன். அந்த வசதியே இல்லாத மாடல்களை வாங்குவதை விட்டுவிட்டேன். விற்றவர்களிடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன், "அப்டேட் வரும்" என்கிறார்கள்.

வாத்தியார் பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "என் வீட்டுப் பெட்டியையும் நீதானே மாட்டினாய்?" என்றார். மாலையில் அங்கே போனேன்.